தள்ளி ஒட்டிய எட்டுத் தாள்கள்

ஆர்மோனியத்தின் துருத்தியை முதன்முதலில் அழுத்தும்போது, சுரம் பிறப்பதற்கு முன்னால் ஒரு சிறு பெருமூச்சு வெளிப்படும். பழந்தோலும் அந்துருண்டையும் கலந்த நெடி அதனுடன் எழுந்து முகத்தில் மோதும். சித்தூரில் நான் படித்த பள்ளியின் ஒரே ஆர்மோனியம் அப்படித்தான் மூச்சுவிடும். அதன் முன்னால் உட்காரும் உரிமை யாருக்கு என்பதே என் பன்னிரண்டாம் வயதின் ஒரே பெரிய வழக்கு.

குடிபாலாவில் நிலம் பார்த்துவந்த என் தகப்பனார், எங்கள் வழக்கில் ‘நைனா’, படிப்பின் பொருட்டு என்னைச் சித்தூரில் அத்தை வீட்டில் விட்டிருந்தார். பள்ளியில் தமிழ்ப் பிரிவும் தெலுங்குப் பிரிவும் தனித்தனியே நடந்தன. காலைப் பிரார்த்தனைக்கு மட்டும் எல்லோரும் ஒன்றாக நின்று பாடுவோம். ஆர்மோனியத்தைத் துடைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டு, துடைக்கிற சாக்கில் அதன் கட்டைகளை எண்ணலானேன். கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து எண்ணினால், ஒரு ‘ச’விலிருந்து அடுத்த ‘ச’வுக்குப் பன்னிரண்டு படிகள். ‘ச’விலிருந்து ‘ப’ ஏழாம் படி; ‘ம’விலிருந்து மேல் ‘ச’வும் அதே ஏழாம் படி. யாரும் சொல்லித்தராமல் இதைக் கண்டுகொண்ட நாளில், உலகத்தின் பூட்டு ஒன்று என் கையால் திறந்துவிட்டதாகவே நினைத்தேன். எட்டுச் சிறு தாள்களில் தமிழில் சுரங்களை எழுதி அந்தந்தக் கட்டையில் ஒட்டினேன். எங்கள் பிரார்த்தனைப் பாட்டு அந்த எட்டுக்குள் அடங்கியதால், வாசிக்கும் இடமும் எனக்கே கிடைத்தது.

பிறகு திருப்பதியிலிருந்து பத்மா வந்து தெலுங்குப் பிரிவில் சேர்ந்தாள். அவளுடைய தகப்பனார் சர்க்கார் குமாஸ்தா. அவளுக்கு எண்ணிக்கை தேவைப்படவில்லை. காதே போதுமானதாக இருந்தது. கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டால், “அது ரி. பாவம், கொஞ்சம் அழுதுக்கினு கீது” என்பாள், எல்லோரும் சிரிப்பார்கள். நான் ஓடிப்போய் ஆர்மோனியத்தில் ஒத்துப் பார்ப்பேன். ரியாகத்தான் இருக்கும். அது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் ஏங்கினேன்.

ஆந்திர மாநிலம் பிரிந்த காலம் அது. எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று கடைத்தெருவெங்கும் வாதம் நடந்துகொண்டிருந்தது. அந்நிலையில் பாட்டு டீச்சர், வரப்போகும் ஆண்டு விழாவில் பத்மாவே வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். என் தாள்கள் வெந்நீரில் நனைத்துச் சுரண்டப்பட்டன. அவ்விடங்களில் அவள் எழுதிய தெலுங்குத் தாள்கள் ஏறின. தமிழுக்கு அநீதி நேர்ந்துவிட்டதென்று அத்தையிடம் முறையிட்டேன்.

“பாஷைக்கு இன்னாடி வந்திச்சு? உனக்குத்தான் வயிறு எரியுது. அடுத்தவ இலையைப் பாத்துக்கினே துன்னா, உன் இலைச் சோறு ஆறிப்பூடும்” என்றார் அத்தை.

அவர் சொன்னது உண்மை. எல்லைக்காக மெய்யாகவே மனம் நொந்தவர்கள் ஊரில் பலர் இருந்தனர். நானோ அவர்களுடைய நோவை இரவல் வாங்கி என் பொறாமையின்மேல் போர்த்திக்கொண்டவள்.

விழாவுக்கு முதல்நாள் மாலை, அறையைப் பெருக்குவதாகச் சொல்லிப் பின்தங்கினேன். பாவாடை முடிச்சில் சோற்றுப் பருக்கைகள் இருந்தன. ஒரு தாளை மட்டும் இடம் மாற்றினால் வரிசை குலைந்து கண்ணில் படும். எல்லாவற்றையும் ஒரு கட்டை தள்ளினால் ‘ச’ கறுப்பில் விழுந்து காட்டிக்கொடுக்கும். ஆகவே ‘ச’ வெள்ளையிலேயே நிற்கும்படி எட்டையும் இரண்டிரண்டு கட்டை மேலே தள்ளி ஒட்டுவது என்று முடிவுசெய்தேன். தெலுங்கு எழுத்து எனக்கு அப்போது சரிவரப் பிடிபடாததால், ஒன்றோடொன்று கலந்துவிடாதபடி மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு படி எண்ணி, பருக்கையை நசுக்கி ஒட்டினேன். என் வாழ்நாளில் எந்த நற்செயலையும் நான் அவ்வளவு சிரத்தையாகச் செய்ததில்லை.

மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். பத்மா உட்கார்ந்து துருத்தியை அழுத்தினாள். கட்டைகளைப் பார்த்தவள் ஒரு கணம் நின்றாள். அவள் மானம் போகும் ஓசைக்காக, பாடும் வரிசையில் நின்றபடி நான் காத்திருந்தேன். அவளுடைய கை இரண்டு கட்டை நகர்ந்தது, பாட்டு எழுந்தது. ஒரு சுரமும் பிசகவில்லை. சற்றே மேலே ஏறியிருந்தது, அவ்வளவுதான். ஏன் பிசகவில்லை என்பது பாதிப் பாட்டில்தான் எனக்கு உறைத்தது: எட்டையும் ஒரே அளவில் தள்ளியபோது, அவற்றுக்கிடையே இருந்த தொலைவுகளை நான் ஒரு நூல்கூட மாற்றவில்லை. ‘ச’வுக்கென்று நிலையான வீடில்லை, அது எங்கே குடியேறினாலும் மற்ற ஏழும் தத்தம் இடைவெளியோடு உடன் வந்துவிடும். இத்தனை எண்ணியும் நான் காணாத அதை, அவள் ஒரே பார்வையில் கண்டுகொண்டாள். அதைவிடக் கொடுமை, நாள்தோறும் அடித்தொண்டையில் முனகிய பிள்ளைகளின் குரல் அன்று தடையின்றித் திறந்துகொண்டது, என் குரலுந்தான்.

பாட்டு முடிந்ததும் அவள் நேராக என்னிடம் வந்தாள்.

“ஏமே குடிபாலா, நீதானே தாளை நகத்தி வெச்சே? உன் நகத்துல இன்னும் சோறு ஒட்டிக்கினு கீது பாரு.”

நான் கையைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டேன்.

“நல்ல வேளை, எட்டையும் நகத்தினே. ஒண்ணே ஒண்ணை நகத்தியிருந்தா என் கதி இன்னா ஆயிருக்கும்?” என்று சிரித்தவள், டீச்சர் பக்கம் திரும்பி, “டீச்சர், சுருதியை ஏத்தி வெச்சது இவதான். பசங்களுக்குக் கீழ் சுருதிக்குத் தொண்டை எட்டலேன்னு கண்டுபிடிச்சிருக்கா” என்றாள்.

டீச்சர் என் முதுகில் தட்டிக்கொடுத்து, இனி ஒருநாள் பத்மாவும் ஒருநாள் நானுமாக வாசிக்கலாம் என்றார். அறியாமல் அப்படிச் சொன்னாளா, அனைத்தையும் அறிந்தே என்னைக் காப்பாற்றினாளா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் பறிக்க நினைத்த இடத்தில் பாதியை அவளே எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெருந்தன்மையும் எனக்கில்லாத இன்னொரு சுரமாகத் தோன்றவே, அதன்மீதும் பொறாமைப்பட்டேன். அவள் வாசிக்கும் நாளில் காதைத் தீட்டிக் கேட்பதும், என் நாளில் அதை மிஞ்சப் பார்ப்பதுமாக, நான் கற்றதெல்லாம் அந்நாட்களில் கற்றதே.

எல்லை வழக்கு தீர்வதற்கு முன்பே அவளுடைய தகப்பனாருக்கு மாற்றலாகி, குடும்பம் கர்நூலுக்குப் போயிற்று. ஆர்மோனியம் முழுவதும் எனக்கே ஆயிற்று. மிஞ்சுவதற்கு ஆளில்லாத அந்த ஆண்டில் என் விரல்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன.

இப்போது அப்பள்ளியில் தமிழ்ப் பிரிவு இல்லை. அந்த ஆர்மோனியம் எங்கே போயிற்று என்று சொல்வாரும் இல்லை. என் பேத்தியின் மின்வாத்தியத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால், எட்டுச் சுரங்களும் கேட்ட இடத்துக்குக் குடிபெயர்ந்துவிடுகின்றன. எண்பதைக் கடந்த எனக்குப் பத்மாவைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அவள் பாட்டை விட்டுவிட்டாள் என்று யாரேனும் சொன்னால் மனமார வருந்துவேன். இன்னும் பாடுகிறாள் என்று சொன்னாலோ, அன்று எனக்கு உறக்கம் வராது.