கதையின் கடைசித் தாள்

அன்று பேக்கிங் ஷெட்டில் இருந்தவர்கள்: கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா. அவளுடைய நாத்தனார். இருவரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஒரே சீட்டில் உட்கார மாட்டார்கள். வைக்கோல் பரப்பும் பெரியம்மா. எங்களை மேய்க்கும் மேஸ்திரி. பிறகு நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் நிறைய. எங்கள் கம்பெனியில் டீ கப்பு. சூளையிலிருந்து வந்ததைப் பழைய தாளில் சுற்றி, வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். தாள் எடைக்கு வரும். வாரப் பத்திரிகை, பரீட்சைத் தாள், எல்லாம் கலந்து. கதை கிடைத்தால் சாப்பாட்டு நேரத்தில் நான் படிப்பேன். எட்டாவது வரை போனவள் நான். மேஸ்திரி பத்தாவது. ஆனால் அவருக்குக் கண்ணாடி வாங்க மனசில்லை.

வாசல் பக்கம் தண்ணீர்ப் பானை. அதன் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர். எல்லாரும் அதில்தான் குடிப்பார்கள். நான் காலனி. எனக்கு யாராவது மொண்டு கையில் ஊற்றுவார்கள். அப்படித்தான் என்று யாரும் சொல்லவில்லை. சேர்ந்த அன்று பெரியம்மா டம்ளரை உயரத் தூக்கினாள், நான் கையைக் குவித்தேன். நான் சுற்றி அனுப்பிய கப்பில் எந்த ஊரிலோ யார் யாரோ வாய் வைத்துக் குடித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

அன்றைய கதையில் ஒரு மருத்துவச்சி. மழையில் ஒரு பெரிய வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். பிள்ளை கால் பக்கமாக வருகிறது. பாடுபட்டு எடுத்துவிடுகிறாள். கொல்லையில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள். மாமியார்க்காரி கொட்டாங்குச்சியைத் தேடுகிறாள். பிள்ளை பெற்றவள் உள்ளேயிருந்து, சொம்பில் கொடுங்கள் என்கிறாள். மாமியார் சொம்பைக் கையில் எடுக்கிறாள்.

அத்தோடு தாள் முடிந்தது. அடுத்த தாள் காலையிலேயே ஏதோ கப்பைச் சுற்றிக்கொண்டு பெட்டிக்குள் போய்விட்டது.

"அடிப்பாவி, மீதி எங்கடி?" என்றாள் அக்கா.

"பொட்டியில."

"சொம்புல குடுத்தாளா இல்லியா?"

"குடுத்திருப்பா," என்றாள் நாத்தனார். "புள்ளையவே தொட்டு எடுத்திருக்கறா. சொம்புல என்னா ஒட்டிக்கப் போவுது?"

"பேசறது யாரு பாரு. எங்கம்மா வூட்டுல ஒரு வாய் காப்பி குடிக்க மூஞ்சியச் சுளிச்சவ."

"அது காப்பி நல்லால்லாததுக்கு."

பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஒரு வாய் தண்ணிக்கு இந்தப் பாடா? என்னா ஜென்மங்களோ!"

"பொட்டியப் பிரிக்கலாமா?" என்று அக்கா மேஸ்திரியைக் கேட்டாள்.

"ஏன், என் சீட்டையும் சேத்துக் கிழிச்சிடு," என்றார் மேஸ்திரி.

படித்ததில் எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. "பெரியம்மா, தண்ணி," என்றேன்.

பெரியம்மா ஈரக் கண்ணோடு எழுந்து போனாள். மொண்டு வந்தாள். டம்ளரை உயரத் தூக்கினாள்.

நான் கையைக் குவிக்கவில்லை. வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்தி. அந்த நினைப்பு இருந்தது. ஆனாலும் கை மடியிலேயே இருந்தது.

"கையப் புடியேன்டி."

"கத இன்னும் முடியல, பெரியம்மா."

டம்ளர் அப்படியே நின்றது. கொஞ்சம் தண்ணீர் வைக்கோலில் சிந்தியது. மேஸ்திரி சுவர்ப் பக்கம் திரும்பி, வாயில் ஒரு பீடி இருக்கும்போதே பாக்கெட்டில் பீடி தேடினார்.

நாத்தனார்தான் எழுந்தாள். பெரியம்மா கையிலிருந்து டம்ளரை வாங்கி என்னிடம் நீட்டினாள். நான் வாய் வைத்துக் குடித்தேன். திருப்பி வாங்கி, கழுவாமல் மொண்டு அவளும் குடித்தாள். குடித்துவிட்டு அண்ணிக்காரியைப் பார்த்தாள். நாத்தனாரிடம் தோற்கிற வழக்கம் அக்காவுக்கு இல்லை. டம்ளரைப் பிடுங்கிக் குடித்தாள்.

பெரியம்மா தாகமில்லை என்றாள். மறுநாளிலிருந்து வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்தாள். மேஸ்திரி வெளியே டீக்கடையில் குடித்துக்கொண்டார். என்னை வேலையை விட்டு யாரும் நிறுத்தவில்லை. பெட்டி மேல் விலாசம் எழுத எட்டாவது படித்த கை வேண்டியிருந்தது.

கதை படித்தால் ஊரை அறியலாம் என்று பிற்பாடு ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசினார். இருக்கலாம். எங்கள் ஷெட்டில் கதை கேட்டவர்கள் நான்கு பேர். எனக்குப் பிறகு அந்த டம்ளரில் குடித்தவர்கள் இரண்டு பேர்.