கண்ணாடித் தட்டு கேட்டவள்

2008 ஜூன் 9: ஆய்வுக்கு வந்த நிதி, 18,40,000.
2016 பிப்ரவரி 2: பிளாஸ்டிக் தட்டுகள் வாங்கியது, 9,250.
2016 ஆகஸ்ட் 30: ஆய்வை மூடித் திருப்பி அனுப்பிய மிச்சம், 1,12,300.

நடுவில் இருக்கிற 9,250 என் தங்கையின் எட்டு வருட உழைப்பைத் தின்றது.

அவள் வேதியியல் ஆராய்ச்சியாளர். புற்றுநோய்க் கட்டியின் நடுப்பகுதிக்கு ரத்தம் சரியாகப் போவதில்லை. ஆக்சிஜன் கிடைக்காத அந்தச் செல்கள் கதிர்வீச்சுக்கு லேசில் மசிவதில்லை. ஆக்சிஜனுக்குப் பதிலாக அங்கே போய் நிற்கும் சேர்மம் ஒன்றைத் தேடினாள். ஒன்று கரையவில்லை, ஒன்று நரம்புச் செல்களைக் கெடுத்தது. முப்பத்தேழாவது தேறியது. ஆக்சிஜன் நுழையாதபடி நைட்ரஜன் நிரப்பிய பெட்டியில், கண்ணாடித் தட்டில் வைத்துக் கதிர் பாய்ச்சியபோது, மருந்து போட்ட செல்கள்தான் அதிகம் செத்தன.

எலிகளுக்குக் கொடுக்குமுன் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். அதற்குள் துறைத்தலைவர், கழுவுகிற வேலை மிச்சம் என்று பிளாஸ்டிக் தட்டுக்கு மாறியிருந்தார். பிளாஸ்டிக் தனக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைத்துக் கசியவிடும். அதனால் மருந்து போடாத செல்களும் அதே அளவு செத்தன. மருந்து வீண் என்று அறிக்கை எழுதிவிட்டார்கள்.

அன்று அவளை அழைத்துப்போக வந்த நான், தலைவரின் அறை வாசலில் நின்றிருந்தேன்.

"சார், கண்ணாடித் தட்டுல ஒரு தடவை பாருங்க. ஒரு வாரம் போதும்."

"மருந்து வேலை செய்யலைன்னா தட்டு மேல பழியா? நாளைக்கு மேசை சரியில்லைன்னு சொல்வீங்க."

"மேசையில செல் வளர்க்கலையே சார்."

சோதனை செய்த உதவிப் பேராசிரியர் சிரித்தார். "மேடத்துக்கு வெள்ளித் தட்டு வாங்கிக் குடுங்க சார், எல்லாம் சரியாயிடும்."

"வெள்ளி உங்க வீட்டுக்கு வாங்குங்க. அலமாரியில கிடக்கிற கண்ணாடி எனக்குப் போதும்."

"கையெழுத்துப் போட்டாச்சும்மா, கிளம்புங்க," என்றார் தலைவர்.

படித்தவர்கள்தான். அலமாரி நாலடி தூரத்தில் இருந்தது. எழுந்து திறக்க மனமில்லை.

பேருந்தில் நான், "விடும்மா, வேலை போயிடப் போகுது," என்றேன்.

"வேலை போனா உங்க வீட்டுக்கு வந்து அண்ணிகூட சண்டை போட்டுட்டு இருப்பேன். மருந்து போச்சுன்னா யார்கூடண்ணா போடறது?"

ஆய்வு மூடப்பட்டது. அவளைக் குடிநீர் சோதிக்கும் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். 'தட்டு மேடம்' என்ற பட்டப்பெயரும் கூடவே போனது. நிதி கொடுத்த வாரியத்துக்கு அவள் விடாமல் எழுதினாள். பரிசீலனையில் உள்ளது என்றே பதில் வந்தது. கடைசியில் தொல்லை தாங்காமல் சோதனையை வெளி ஆய்வகம் ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் அவளுடைய செய்முறைப்படி அந்தச் சேர்மத்தைத் தயாரித்து, கண்ணாடித் தட்டில் சோதித்தார்கள்.

அவள் சொன்னதுதான் சரி என்று வாரியமே எழுதியது. அடுத்த வரியில், மூடிய ஆய்வைத் திறக்க விதிகளில் இடமில்லை என்றும், இனி இது குறித்து எழுத வேண்டாம் என்றும் இருந்தது. எலிக்குக்கூடப் போகாமல் முப்பத்தேழாவது அங்கேயே நின்றது. அடியில் ஒரு கையெழுத்து. வருந்துகிறோம் என்ற ஒரு சொல் இல்லை.

கடிதம் வந்த நாள் 2019 நவம்பர் 14.