ஆயுத பூஜையன்று எடுத்த படம்

கருவாடு வாங்கத்தான் பழவேற்காட்டுக்குப் போனேன். எடை போட்டுக்கொண்டிருந்த பாய், அலமாரியைச் சுத்தம் செய்து வெளியே எடுத்து வைத்திருந்த சாமான்களுக்கு நடுவில் அந்தக் கேமரா கிடந்தது. ஜப்பானில் செய்தது. அவருடைய அண்ணன் மலேசியாவில் இருந்தபோது வாங்கியதாம். நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் அதே மாதிரிக் கேமராவின் படத்தைப் பார்த்திருந்ததால், ரேஞ்ச்ஃபைண்டர் என்ற பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. கையில் எடுத்தவன் கீழே வைக்கவில்லை.

"எவ்ளோ பாய்?"

"டப்புலாம் வேணாம் தம்பி. உன் செல்ல குடுத்துட்டுப் போ. ஒரு மாசமா செல்லு செல்லுன்னு எம்புள்ள உயிர எடுக்கறான்."

டிப்ளமோ முடித்து, கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் தெருவில் செல்போன் வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர்தான். அதில் நானும் ஒருவன். சிம்மை மட்டும் கழற்றிக்கொண்டு போனைக் கொடுத்துவிட்டேன்.

"கருவாடு வாங்கப் போனவன் இன்னாத்தயோ டப்பாவ மாட்டிக்கினு வர்றான். கருவாடு எங்கடா?" என்றாள் அம்மா. அதை பாய் கடையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன்.

ஒரு மாதம் பிலிம் வாங்காமலே அதை வைத்துக்கொண்டு திரிந்தேன். கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் சின்னதாக ஒரு மஞ்சள் சதுரம். அதற்குள் எதுவும் இரண்டாகத் தெரியும். லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருப்பத் திருப்ப, இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றின்மேல் ஒன்று படியும். அம்மாவின் மூக்குத்தி இரண்டாக இருந்து ஒன்றாகும் அந்த நொடியில் நெஞ்சுக்குள் ஏதோ சரியாகப் பொருந்துவது போலிருக்கும். பட்டனை அழுத்தினால் எச்சில் விழுங்கும் அளவுக்குத்தான் சத்தம். வேலை முடிந்து வந்ததும் அதைத்தான் எடுப்பேன்.

"இன்னாடா, என்னிய ரெண்டாளா பாக்கறியா?" என்று கேட்டார் நைனா. "வாணாம்பா. ஒர்த்தனுக்கு சோறு போடறதுக்கே உங்கம்மா பேஜாரா கீறா."

அந்த ஒரு மாதம் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. அதை எழுதவே இப்போது கூசுகிறது.

நைனா ஒரு ஸ்டீல் மில்லில் வேலை செய்தார். உருளைகளுக்கு இடையிலிருந்து சிவப்பாகச் சீறி வரும் கம்பியை நீளமான இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் திருப்பிவிட வேண்டும். பதினான்கு வருடம் அதே மில், அதே உருளை. காண்ட்ராக்டர்கள்தான் மாறினார்கள். அடையாள அட்டை கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. அந்த மில்லில் எந்தத் தாளிலும் அவர் பெயர் இல்லை.

ஆயுத பூஜையன்று மட்டும் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். முதல் பிலிமைப் போட்டுக்கொண்டு நானும் போனேன். நைனா விடியற்காலையிலேயே போய் உருளைகளைக் கழுவி மாலை போட்டிருந்தார். பொறி பட்டு ஓட்டை ஓட்டையாகிப்போன காக்கிச் சட்டை, தலையில் ஈரத் துண்டு, கையில் குங்குமம் வைத்த இடுக்கி. என்னைப் பார்த்ததும் மிஷின் முன்னால் போய் நிமிர்ந்து நின்றார்.

"இப்டியே எடுடா. இத்தினி வருசம் இதோட மாரடிச்சதுக்கு ஒண்ணு இருக்கட்டும்."

"இந்தச் சட்டையோடயா? மாத்திக்கினு வா நைனா."

"மாப்பிள்ளைக்கு மேக்கப் போட்டுக் கூட்டியாரச் சொல்றாரு டைரக்டரு," என்றார் பக்கத்தில் நின்றவர். எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தபடியே இடுக்கியைச் சாத்தி வைத்துவிட்டுப் போனார்.

படத்தை எங்கள் சோதனைக்கூடத்தில் காட்டவேண்டும் என்று நினைத்திருந்தேன். அங்கே எல்லோருடைய அப்பாவும் வாத்தியாராகவோ கிளார்க்காகவோ இருந்தார்கள்.

அவர் வெள்ளைச் சட்டையில் வந்தார். ஆபீஸ் வாசலில் குரோட்டன்ஸ் செடிகளுக்கு முன்னால் நிற்க வைத்தேன். அந்தக் கேமராவில் படத்துக்குள் விழும் பகுதியைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு தெரியும். கோட்டுக்கு வெளியே உள்ளதையும் பார்க்கலாம். வலது பக்கம் மில்லின் பெயர்ப் பலகை கோட்டுக்குள் நுழைந்திருந்தது. அதன் பின்னால் கரி படிந்த ஷெட். கொஞ்சம் இடது பக்கம் திரும்பி இரண்டையும் கோட்டுக்கு வெளியே தள்ளினேன். பிறகு வளையத்தைத் திருப்பி, இரண்டு நைனாவை ஒன்றாக்கி, அழுத்தினேன். மில்லுக்குள் எடுத்தது அந்த ஒரே படம்.

பொங்கல் கழிந்து இரண்டு வாரத்தில், உருளையிலிருந்து தப்பி வந்த கம்பி நைனாவின் வலது பாதத்தைத் துளைத்துக்கொண்டு போனது. பாதத்தின் பாதியை எடுத்துவிட்டார்கள். "இந்தாளு வேலைக்காரனே இல்ல, இரும்பு பொறுக்க உள்ள பூந்தவன்," என்று காண்ட்ராக்டர் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார். கூட வேலை செய்தவர்கள் வந்து பார்த்தார்கள், அழுதார்கள். சாட்சி சொல்ல வருவீர்களா என்று கேட்டபோது தரையைப் பார்த்தார்கள். அவர்களும் அந்தக் காண்ட்ராக்டரிடம்தான் வேலை செய்தார்கள்.

சங்கத்துக்காரர் ஒருவர் எங்களுக்காக வழக்குப் போட முன்வந்தார். "எதனா ஒண்ணு வேணும் தம்பி. வேலை செய்யற மாதிரி ஒரு போட்டோ இருந்தாக்கூட போதும். அத்த வெச்சிப் பேசலாம்."

வீட்டுக்கு ஓடிப்போய்ப் படத்தை எடுத்து வந்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாப்பா, பார்க்குல எடுத்ததா?"

ஸ்டூடியோவில் பிரிண்ட் போடும்போது ஓரங்களை வெட்டிவிடுவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. பலகையில் ஓர் எழுத்தாவது பிலிமில் விழுந்திருக்கலாம். கும்மிடிப்பூண்டி பஜார் ஸ்டூடியோவில் நெகட்டிவைக் கொடுத்து, முழுவதையும் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னேன். மறுநாள் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். நைனாவின் மீசையில் ஒவ்வொரு நரையும் தனித்தனியாகத் தெரிந்தது. எவ்வளவு சரியாக ஃபோகஸ் செய்திருக்கிறேன் என்று ஒரு நொடி மகிழ்ந்தேன். அந்த ஒரு நொடியை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. வலது ஓரத்தில் பலகையைத் தாங்கும் இரும்புக் குழாய் மட்டும் நூல் மாதிரி நின்றது.

அடுத்த வாரம் காண்ட்ராக்டர் ஆளனுப்பினார். ஆஸ்பத்திரி செலவை ஏற்றுக்கொள்வாராம். வேறொரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை வாங்கித் தருவாராம். ஒரு தாளில் கைநாட்டு வைத்தால் போதுமாம். நைனா கட்டிலில் சாய்ந்தபடி தாளை என்னிடம் நீட்டினார்.

"படி."

படித்தேன். மேற்படி நபர் மேற்படி ஆலையில் எக்காலத்திலும் பணி புரிந்ததில்லை. அனுமதியின்றி உள்ளே நுழைந்தபோது காயமுற்றார். இது தொடர்பாக எவர் மீதும் எந்தக் கோரிக்கையும் இல்லை. நைனா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வந்த ஆள் மைப் பெட்டியைத் திறந்தான்.

"எம் பேரு சரியா போட்டுக்கீறாங்களா?"

"சரியாத்தான் போட்டுக்கீறாங்க நைனா."

கட்டைவிரலை நீட்டினார்.