கதிர் குறைந்த ஜன்னல்

எங்கள் வீட்டுக் கதையை என் மகளுக்காக எழுத உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். அம்பத்தூரில் நாங்கள் விற்றுவிட்டு வந்த வீட்டின் ஜன்னல் ஒரு போட்டோவில்கூட முழுசாகத் தெரியவில்லை. எல்லாப் படத்திலும் நாங்கள்தான் மறைத்துக்கொண்டு நிற்கிறோம். அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வெல்டராக இருந்த அப்பா தன் கையால் செய்தது அது. கீழே பாதிச் சூரியன், அதிலிருந்து விரியும் கம்பிக் கதிர்கள்.

அடுத்த வாரம் வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று அண்ணன் போனில் சொன்னான். மறுநாளே ஆவடியில் ரயில் ஏறினேன்.

போய்விட்டேனே தவிர, கதவைத் தட்டக் கூச்சம். எதிர்வரிசையில் நின்று போனில் யாரிடமோ பேசுவதுபோல் நடித்தபடி படம் எடுத்தேன். வாசல் கேட்டும் ஸ்கூட்டரும்தான் படத்தில் விழுந்தன.

"இன்னாமா, கார்ப்பரேஷனா? இடிக்கப்போற ஊட்டுக்குக்கூட வரி போடுவீங்களா?" வீட்டுக்கார அம்மா வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இல்லக்கா... அந்த ஜன்னலை மட்டும்... எங்கப்பா செஞ்சது."

அவ்வளவுதான். கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய்விட்டார். சூரியன் அப்படியே இருந்தது. இடப்பக்கம் ஒரு கதிர் மட்டும் இல்லை, அறுத்த தடம்தான் இருந்தது.

"அதுவா? நாங்க வர்றதுக்கு முன்னாடி திருடன் அறுத்துகீறான்மா. சொந்தக்காரங்க யார் வந்தாலும் மொதல்ல இத்தத்தான் காட்டுவோம்," என்றார் பெருமையாக.

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் நான் எழுதப்போவதே அதைப் பற்றித்தானே.

"திருடன் இல்லக்கா, நான்தான். சின்ன வயசுல தலைய உட்டு மாட்டிக்கினேன். தெருவே வேடிக்கை பார்க்க அப்பா ஆக்சா பிளேடால அறுத்து எடுத்தாரு. மறுபடி ஒட்ட வைன்னு அம்மா சொன்னதுக்கு, 'மறுபடி மாட்டுவா, கெடக்கட்டும்'னுட்டாரு."

அவர் சிரித்த சிரிப்பில் சேலைத் தலைப்பு நழுவிவிட்டது. அதே ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக் கத்தினார்: "அடியே, எல்லாம் ஓடியாங்க! நம்ம ஊட்டுத் திருடி வந்துகீறா!"

மறுபடியும் தெரு கூடிவிட்டது. "இப்போ நொழையுதான்னு பாரு," என்றது ஒரு குரல். "ஏய், அடுத்த வாரம் இடிக்க வர்றவன் மொதல்ல இவளத்தான் அறுக்கணும்," என்றது இன்னொன்று. வெட்கத்தில் காது சூடானாலும் எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்கார அம்மா என்னை ஜன்னலுக்கு உள்பக்கம் நிறுத்திவிட்டு, என் போனை வாங்கிக்கொண்டு படமெடுக்க வெளியே ஓடினார்.

படம் நன்றாக வந்திருக்கிறது. எந்தக் கதிரும் மறையவில்லை. இல்லாத கதிரின் இடத்தில் மட்டும் என் முகம்.

அந்தப் படத்தை ஒட்டிவைத்த பக்கத்தில் என் தலை மாட்டிக்கொண்ட கதையை எழுதினேன். கீழே திருடன் கதையையும் சேர்த்துவிட்டேன். அவனும் இத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தவனாயிற்றே.