அண்ணன் போட்ட கையெழுத்து

ஆரணியில் பட்டுச்சேலைக் கரைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். அன்று காலை எட்டரை மணிக்குக் கடையைத் திறந்து உட்கார்ந்ததும் தாடையில் வலி. கழுத்து வழியாக இடது கைக்கு இறங்கியது. பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார்.

"இன்னாம்மா இப்பிடி வேர்த்துகினு கீது? ஆட்டோல ஏறுங்க."

ஈசிஜி பார்த்த கிளினிக் டாக்டர் ஹார்ட் அட்டாக் என்றார். மெல்லுவதற்கு மாத்திரை கொடுத்து வேலூருக்கு ஆம்புலன்சில் ஏற்றினார். டீக்கடைக்காரரும் ஏறிக்கொண்டார். டீ வாங்குகிற பழக்கம்தான் எங்களுக்குள்.

பத்தரைக்கு அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உடனே ஆஞ்சியோ செய்ய வேண்டும் என்றார்கள். சம்மதப் படிவத்தோடு ஒருவர் வந்தார்.

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"செய்யார்ல கம்பெனி வேலை. ஷிப்ட்ல போன் எடுக்க விடமாட்டாங்க. குடுங்க, நான் போடறேன்."

"பேஷண்ட் போடக்கூடாதும்மா. ஆம்பளைங்க யாராச்சும் வரட்டும்."

எனக்கு ஐம்பத்தொரு வயது. நினைவு தப்பவில்லை. நெஞ்சு என்னுடையது, வலி என்னுடையது. கையெழுத்து மட்டும் வேறு யாருடையதாகவோ இருக்க வேண்டுமாம். கேட்டேன், கெஞ்சினேன், கத்தினேன். "டென்ஷன் ஆவாதீங்க" என்றார்கள்.

ஐம்பது நிமிடம் போனது. டீக்கடைக்காரர் பொறுக்க முடியாமல் கவுன்டரில் சண்டைக்குப் போனார். படிவத்தோடு வந்தவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணன்னு எழுதிக்கறேன், இங்க போடுங்க" என்றார். பேனாவோடு டீக்கடைக்காரர் என்னிடம் ஓடி வந்தார்.

"பேஷண்ட் பேருன்னு கீதும்மா. உங்க பேர் இன்னா?"

என் பெயரே தெரியாத அந்த மனிதர் போட்ட கையெழுத்து செல்லுமாம்.

மணிக்கட்டு வழியாகக் குழாயை விட்டார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். "ரத்தக்கட்டி நிறைய இருக்கு, உறிஞ்சி எடுத்துடலாம்" என்றார் டாக்டர். வெள்ளைத் துணியில் கருஞ்சிவப்பாய்ச் சில துணுக்குகள் விழுந்தன.

"எத்தனை மணிக்கு இங்க வந்தீங்க?"

"பத்தரைக்கு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. வேலையைத் தொடர்ந்தார்.

மறுநாள் டாக்டர் உள்ளதைச் சொன்னார். கொஞ்சம் கட்டி இறுகிப்போய்க் குழாய்க்கு வரவில்லை. ஸ்டென்ட் வைத்து வழியைத் திறந்தாயிற்று. ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி பலவீனமாகிவிட்டது. அந்தத் தாமதத்தால் எவ்வளவு போனது என்று பிரித்துச் சொல்ல முடியாது. "நீங்களே கையெழுத்து போட்டிருக்கலாம்மா, அதுவே போதும்" என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

"உசுரோட வந்துட்ட இல்ல, விடு" என்றார் கணவர். விடவில்லை. நடந்ததை நேரத்தோடு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. என்ன சிரமம், யார் கொடுத்தது என்று அதில் இல்லை. இரண்டாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.