கையைக் கோத்துக்கொண்டு ஒரு தோடி

போன வாரம் கொல்கத்தாவில், எங்கள் லேக் கார்டன்ஸ் பிளாட்டில் பிஜோயா சம்மிலனி. துர்கா பூஜை முடிந்ததும் எல்லோரும் கூடி, இனிப்பு தின்று, தெரிந்ததைப் பாடிவிட்டுக் கலைவார்கள். இந்த முறை என் மனைவி ஜெயாவையும் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். அவளைவிட எனக்குத்தான் படபடப்பு.

ஏன் தெரியுமா? ஜெயா பாடினால் கை சும்மா இருக்காது. காற்றில் வட்டம் போடும். எதையோ பிடித்து இழுக்கும். மேல் ஸ்தாயிக்குப் போனால் பரணிலிருந்து அண்டாவை இறக்குவதுபோல எம்பும். இந்த ஊர்க்காரர்களோ... ஹார்மோனியத்துக்குப் பின்னால், நோட்டைப் பார்த்தபடி, ஆடாமல் அசையாமல் பாடுவார்கள். என்ன கண்ணியம்!

அன்று காலையிலேயே ஆரம்பித்தேன்.

"இத பாரு, கைய மடியில கோத்து வச்சுக்கோ. டிராஃபிக் போலீஸ் மாதிரி ஆட்டினா எல்லாரும் சிரிப்பா."

"சிரிச்சா சிரிக்கட்டுமே."

"நாளைக்கு லிஃப்ட்ல அவா மூஞ்சில நான்னா முழிக்கணும்!"

ஜெயா குக்கரை அடுப்பில் ஏற்றப் போய்விட்டாள்.

இத்தனைக்கும் எனக்கு சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. கச்சேரியில் பக்கத்து ஆளைப் பார்த்துத் தலையாட்டுகிற ஜாதி நான்.

மாலையில் அவள் மேடையில் உட்கார்ந்து, விரல்களைக் கோத்துக்கொண்டு, தோடியை ஆரம்பித்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கேட்க? வீட்டில் அசைந்து அசைந்து வருகிற ராகம் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி தட்டையாக வந்தது. மேலே போகப் பார்த்தாள். தோள் எம்பியது, கோத்த விரல்கள் விடவில்லை. குரல் பாதியில் நின்றது. இருமிவிட்டு மறுபடி தொடங்கினாள். அதே இடத்தில் மறுபடி நின்றது. "சாரி" என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

எதிர் பிளாட் ஷர்மிளா என்னிடம் ஓடி வந்தார். ஜெயா அவருக்கு மாஷிமா, அதாவது சித்தி; நான் மேஷோமஷாய், சித்தப்பா.

"மேஷோமஷாய், மாஷிமாவுக்குக் கையில அடியா?" என்று வங்காளத்தில் கேட்டார்.

"இல்லையே."

"பின்னே ஏன் ஆட்டவே இல்ல? தினமும் அவங்க சமையலறையில பாடறத எங்க ஜன்னல்லேர்ந்து பார்ப்பேன். பாஷை புரியாது. அந்தக் கை போற வழியில நானும் போவேன். இன்னிக்குக் கிட்டத்துல பார்க்கலாம்னு முன்னாடியே வந்து இடம் பிடிச்சேன்!"

சிரிப்பார்கள் என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கில் முதல் ஆள் இந்தப் பெண்தான்.

குரல் ஏறுவதற்கு அந்தக் கைதான் ஏணி பிடித்துக்கொண்டிருந்தது. ஏணியை உருவிவிட்டு மாடிக்கு ஏறச் சொன்ன மேதை நான். அவளுக்கு அவமானம் வரக்கூடாது என்றா சொன்னேன்? என் லிஃப்ட் கௌரவம்தான் பெரிதாகப் போயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் சமையலறையில் குக்கர் விசில் மட்டும்தான். எதிர் ஜன்னலில் ஷர்மிளா வந்து நிற்பார்... போய்விடுவார்.

நேற்று தாங்கமுடியாமல் ஜெயாவிடம் போனேன். "தப்பு என்னோடதுதான் ஜெயா, நீ பழையபடி பாடணும்" என்று இரண்டு கைகளையும் விரித்து, மார்பில் தட்டி, காற்றைக் கிழித்து மன்னிப்புக் கேட்டேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதையே கைய கோத்துண்டு சொல்லுங்கோ, பாப்போம்."

கோத்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன். "தப்பு..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. தோள் மட்டும் இரண்டு தடவை குதித்தது.

ஜெயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோடி இன்னும் வரவில்லை.