பேர் சொல்லிக் கூப்பிட்டேன்

நல்ல பாதை இருக்கும்போது அதை விட்டுவிட்டுக் கல்லிலும் முள்ளிலும் இறங்குவதுதான் ஹைக்கிங் என்றால், எங்கள் ஊர் வெள்ளாடுகளெல்லாம் பெரிய ஹைக்கர்கள். காரிலேயே இதைச் சொன்னேன். யார் கேட்டார்கள்? பிள்ளைகளைத் தெரிந்தவர்கள் வீட்டில் விட்டுவிட்டு, டாலஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவிலிருந்து பகல் முழுக்க டிரைவ் பண்ணி மேற்கு டெக்சாஸ் பாலைவனத்துக்கு வந்திருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும், எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு அண்ணனும் அவர் மனைவியான அக்காவும். நாலு பேருமே கோயமுத்தூர்ப் பக்கம்.

மறுநாள் காலையில் ஒரு வறண்ட ஓடைக்குள் இறங்கினோம். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், நடுவில் வீட்டளவுக்கு உருண்டு கிடக்கும் கற்கள். ஃபோனில் சிக்னல் எப்போதோ போய்விட்டது. அண்ணன் வழி பார்க்க முன்னால் போனார். பக்கவாட்டில் ஒரு சந்து தெரிந்ததும் என் வீட்டுக்காரருக்குக் கால் நிற்கவில்லை. மேலே ஏற வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகவும், எங்களை நடந்துகொண்டே இருக்கும்படியும் சொன்னார். பை இடிக்கிறதென்று கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய தண்ணீர் முழுக்க அதில்தான் இருந்தது.

கொஞ்ச தூரம் போய் “ஏனுங்க!” என்று கத்தினேன். முன்னாலிருந்து, இங்கதான், வா வா என்று பதில் வந்தது. சுவரில் மோதி மோதி வரும் சத்தத்தில் யார் குரல் என்று எப்படித் தெரியும்? மேலே ஏறிக் குறுக்கு வழியில் போய்ச் சேர்ந்துவிட்டாராக்கும் என்று நிம்மதியாக நடந்தேன். மறுபடி கூப்பிட்டேன், மறுபடி பதில் வந்தது. கடைசிப் பாறையைச் சுற்றிப் போய்ப் பார்த்தால் அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“மாப்ள எங்க?” என்றார்.

அப்போதுதான் புரிந்தது. அக்காவும் தன் வீட்டுக்காரரை ஏனுங்க என்றுதான் கூப்பிடுவார். அக்கா கூப்பிடுவதாக நினைத்து அண்ணன் பதில் சொல்லியிருக்கிறார். என் ஆள்தான் என்று நான் பாட்டுக்கு நடந்திருக்கிறேன்.

அண்ணன் சிக்னல் தேடி மேலே ஏறினார். நானும் அக்காவும் விழுந்தடித்துத் திரும்பினோம். உச்சி வெயில். அவர் தண்ணீர் என் தோளில் கிடந்து குலுங்கியது. பாவி, எந்தச் சந்து என்றுகூடப் பார்த்து வைக்கவில்லையே நான்! எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. பிள்ளைகளிடம் என்ன சொல்வேன் என்று மனசு கண்டபடி ஓடியது. “ஏனுங்க, ஏனுங்க” என்று தொண்டை கிழியக் கத்தினேன். பதிலே இல்லை.

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. என் கையைப் பிடித்து நிறுத்தினார். “ஏனுங்கன்னா இங்க ரெண்டு பேருக்கும் பொது, கண்ணு. பேரைச் சொல்லிக் கூப்பிடு.”

ஆபீசில் எனக்கு மேலே இருக்கிற அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள் நான். ஆனால் டாக்டர் கிளினிக் ரிசப்ஷனில் கணவர் பேரைக் கேட்டால் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லித்தான் சமாளிப்பேன். புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பாள் அம்மா. அதையெல்லாம் நான் நம்புகிறதில்லை, வாய்தான் நம்பியது. அதுவும் இந்த நேரத்தில் சொல்வதா?

கண்ணை மூடிக்கொண்டு அவர் பேரைக் கத்தினேன். இன்னொரு தரமும் கத்தினேன்.

“உனக்கு என்னாச்சு?”

தலைக்கு மேலே, கால் வைக்க மட்டும் இடமிருந்த ஒரு பாறை விளிம்பில், சுவரோடு சாய்ந்து கிடந்தார். ஏறியவருக்கு இறங்கத் தெரியவில்லை. கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, வெயிலில் பாதி மயக்கமாகிவிட்டார். உதடெல்லாம் வெடித்திருந்தது. “பேரைச் சொல்லிக் கூப்பிடறியே, கீழ விழுந்துட்டியா? இரு, வர்றேன்” என்று எழப் பார்த்தார். அவர் காலடியிலிருந்து கற்கள் உதிர்ந்து என் பக்கத்தில் விழுந்தன.

“எனக்கு ஒண்ணுமில்லீங்க. அசையாதீங்க” என்றேன்.

அக்கா என் இடுப்பைத் தாங்கிக்கொள்ள, நான் எட்டி அவர் பாதத்தைப் பிடித்து, ஒவ்வொரு கல்லிலும் வைத்து வைத்து இறக்கினேன். மூடியைத் திறந்து தண்ணீரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் தலையையும் கையையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், அடி எங்கே என்று.